ஒண்ணாம் நம்பர் கல்

"...சல்லியும் சவருமாக் கெடந்துச்சு தம்பி, அதை அப்படியே கட்டி அனுப்புனா பாக்குறவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? அதான் பொறுக்கித் தரம் பிரிச்சு வச்சுட்டேன்" என்றார் அந்த அக்கா. பெருமையோடுதான் சொன்னார்.

கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

காப்பி காயப்போடும் களத்தில் எங்கள் தார்ப்பாய் விரித்திருந்தது. முந்தின நாள் அதில் நான் கொட்டிவிட்டுப் போனது ஐந்து மூட்டைக் கல். இப்போது அங்கே மூன்று குவியல்கள். ஒன்றில் கறுப்பு மணிகள் மட்டும், சின்னதாக. அடுத்ததில் கறுப்பு ஒட்டிய வெள்ளைக் கல். மூன்றாவது, முழங்காலளவுக்கு, மீதி எல்லாம். தூசியைக்கூடத் தனியாகக் கூட்டி அந்த மூன்றாவதன் ஓரத்தில் சேர்த்திருந்தார்.

"ஒண்ணாம் நம்பரு, ரெண்டாம் நம்பரு, கழிவு" என்று புடைக்கிற சொளகாலேயே சுட்டிக் காட்டினார். "அரிசிக்குள்ள கல்லு பொறுக்கித்தான் பழக்கம். நீங்க கல்லுக்குள்ள அரிசி பொறுக்க வச்சுட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லை என் பழமொழி நோட்டில் எழுதி வைத்திருப்பேன்.

ஆடலூருக்கு மேலே, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் அவருடைய நிலம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, தகரக் கூரை போட்ட வீடு. பத்து வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அதற்குப் பிறகு எஸ்டேட் எஸ்டேட்டாகக் காப்பிக்கொட்டை பொறுக்கியே இந்தத் துண்டை வாங்கியவர். கண் முன்னால் எது கலந்து கிடந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. அது தெரிந்தும் அவர் களத்தில் கல்லைக் கொட்டிவிட்டுப் போனவன் நான்.

நான் படித்தவன் இல்லை. கல் தேடி மலைக்கு வருகிறவர்களுக்குச் சம்மட்டி தூக்குகிறவன். அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, விட்டுப்போன புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். இந்த மலையில் பெரும்பாலும் கருநீலப் பாறை, எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். அந்த அக்காவின் நிலத்துக்கு மேலே மட்டும் அதற்குள் வெளிர்சிவப்பாக ஒரு கிரானைட் கீழேயிருந்து உருகி ஏறி உறைந்திருக்கிறது. குழம்பு ஆறும்போது எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்குமே, அதைப்போல அந்தக் கிரானைட் இறுகும்போது எதோடும் சேராத மிச்சம் சுடுநீராகப் பிரிந்து விளிம்பு வெடிப்புகளில் ஏறியிருக்கிறது. போன வழியெல்லாம் பாறையை அரித்துச் சாம்பல்பச்சை ஆக்கிவிட்டு, வெண்கல்லையும் காக்காப்பொன்னையும் விட்டுப்போயிருக்கிறது. கூடவே மிளகைவிடச் சிறிய கறுப்பு மணிகள். உள்ளங்கையில் வைத்தால் உருவத்துக்குப் பொருந்தாத கனம் கனக்கும். அதுதான் வெள்ளீயக் கல். ரசம் வைக்கிற ஈயச்சொம்புக்கு மூலம் அதுதான்.

ஆனால் அந்த வெடிப்பு விரல் அகலம். அதற்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு வெறும் கல். பிறகு இன்னொரு விரல் அகலம். அதனால்தான் மாதிரி எடுப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பாறைக்குக் குறுக்கே நேர்கோடு போட்டு, கோட்டில் உள்ளதையெல்லாம் உளியால் வெட்டி, நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தத்தையும் மூட்டையில் போட வேண்டும். அப்படித்தான் வெட்டினேன். மழையில் நனைந்ததால் காயப்போட்டுவிட்டு, புது சாக்கு வாங்கப் பெருமாள்மலை வரை போய்த் திரும்பினோம். அதற்குள் இது.

கூட வந்த ஏஜென்ட் கீழே சமவெளிக்காரர். பணம் போடும் பார்ட்டிக்கு மலையைக் காட்டி விற்பது அவர் தொழில். மூச்சு வாங்க ஏறி வந்தவர் குவியல்களைப் பார்த்ததும் முதலில் கத்தினார். பிறகு கறுப்புக் குவியலில் கையை விட்டார். கத்தல் நின்றுவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு ஊறியது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை லட்டைப் பார்க்கிறவனின் சிரிப்பு.

"ஏலே, அந்த ஒண்ணாம் நம்பர மட்டும் கட்டு."

"சார், அது பொறுக்கின கல்லுங்க. மொத்தப் பாறையும் இப்படித்தான்னு ஆயிரும்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். கேட்டதில்லையா நீ? பெரிய பழமொழிக்காரன்னு சொன்னாங்க."

பாறை ஒரே சீராக வெந்த சோறு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவரிடம் எனக்கு இன்னும் பத்து நாள் வேலை இருந்தது. சாக்கில் அள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டேன். அவர்மேல் வந்த அருவருப்பில் பாதி என் கைமேல் வந்தது.

அவர் அதோடு விடவில்லை. பழைய டார்ச் பேட்டரியை உடைத்துத் துத்தநாகத் தகட்டை எடுத்தார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்த பீங்கான் கோப்பையிலேயே தகட்டைப் போட்டு, மேலே ஒரு கறுப்பு மணியை வைத்து, பையில் கொண்டுவந்த கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினார். நுரைத்துப் பொங்கியது. நாற்றம் தொண்டையை அறுத்தது. கழுவி எடுத்தபோது கறுப்பு மணி வெள்ளி பூசிக்கொண்டு நின்றது; உள்ளே வெள்ளீயம் உண்டு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதைச் செல்போனில் படம் பிடித்தார். மீதி ஆசிட்டை மிளகுக் கொடியின் வேரில் வீசிவிட்டு, வெற்றிலை எச்சிலையும் அங்கேயே துப்பினார். கோப்பையை அக்காவிடமே நீட்டினார், கழுவி வைக்கச் சொல்லி.

அக்கா வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் பொறுக்கினது எங்க போவுது தம்பி?"

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சோதனைக்குப் போகுதுக்கா. இத்தனை கறுப்பும் இந்தப் பாறையில இருக்குன்னு எழுதுவாங்க. அப்புறம் மிஷின் வரும். வெட்டுறது ஒங்க நெலத்துக்கு மேலதான். மண்ணு சரிஞ்சா ஒங்க வீட்டு மேல."

"யோவ், ஒன்னய யாரு கேட்டா?" என்று என்மேல் பாய்ந்த ஏஜென்ட், உடனே அக்கா பக்கம் திரும்பிக் குரலில் சர்க்கரை கலந்தார். "பயப்படாதீங்கம்மா. ஒங்களுக்கு வேற ஊர்ல நல்ல எடமாப் பாத்துக் குடுக்கச் சொல்றேன்."

"வேற ஊரு."

"ஆமா. ரோட்டோரமா. இந்தக் காட்டுக்குள்ள என்னம்மா கெடக்கு?"

"தொரை, நல்ல எடம்னு சொல்லித்தான் என்னய அன்னைக்கு கப்பல்ல ஏத்துனாங்க" என்றார் அக்கா. "வந்து பாத்தா, எங்களுக்கு முன்னாடியே அந்த எடத்துக்கு ஏழு பேரு சொந்தக்காரங்க. மறுபடி பொட்டியக் கட்டுறதுக்கு இந்தக் கையாலயே கல்லு பொறுக்கிக் குடுத்திருக்கேன் பாருங்க."

ஏஜென்ட் சிரித்தார். என்னிடம் சாக்கைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கவில்லை.

அக்கா குனிந்து சாக்கின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கழிவுக் குவியலின் உச்சியில் வைத்துக் கவிழ்த்து, அடியைத் தட்டி, கடைசி மணி விழும்வரை உதறினார். ரெண்டாம் நம்பரைக் காலால் ஒதுக்கி அதன்மேல் தள்ளினார். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த காப்பி கிண்டுகிற பலகையை எடுத்து, ஏஜென்ட் போட்ட கூச்சலுக்கு ஒரு தடவைகூடத் தலை நிமிராமல், தார்ப்பாயின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மொத்தத்தையும் இழுத்து இழுத்துக் கலந்துகொண்டேயிருந்தார்.