முட்டிக்கு மேலே இரண்டு அங்குலம்

அந்தக் கால்சட்டை இல்லாமல் பழைய ஜீன்ஸோடு போயிருந்தால், அன்றைக்கு என் கணவர் அந்தச் சரிவில் மோட்டார் சைக்கிளை இறக்கியிருப்பாரா? இதை அவரிடமே இரண்டு முறை கேட்டுவிட்டேன். முதல் முறை "தெரியல லா" என்றார். இரண்டாவது முறை மகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டார். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

அவர் கூலிம் பக்கம் ஓர் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். நின்றும் குனிந்தும் முட்டிபோட்டும் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு மண்பாதை ஓட்டப் போவார். முண்டு முண்டான டயர் போட்ட உயரமான மோட்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் சாலை, மழை அறுத்துப் போட்ட பள்ளம், ஓடை, மேடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறார். தலைக்கவசம், பூட்ஸ், கையுறை எல்லாம் நல்லதாகவே வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழே மட்டும் ஜீன்ஸ்.

எங்கள் மகளுக்கு இரண்டு வயது ஆன மாதம், அவர்கள் கூட்டத்தில் ஒருவர் கல்சாலையில் வழுக்கி விழுந்தார். ஜீன்ஸ் கிழிந்து தொடையிலிருந்து முட்டிவரை தோல் போய்விட்டது. அந்தப் படத்தைக் கணவரின் நண்பன் என்னிடம் காட்டினான். "பாருங்க அண்ணி, உரிச்ச கோழி மாதிரி" என்று சிரித்தான்.

"ஓட்ட வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா சரியான சிலுவார் இல்லாம இனிமே போகக் கூடாது" என்று அன்றே கணவரிடம் சொன்னேன். கால்சட்டையை நாங்கள் சிலுவார் என்போம்.

"இந்த வெயில்ல அதெல்லாம் போட்டா வெந்துருவேன்மா."

"வெந்தா பரவால்ல. உரியாம இருந்தா போதும்."

"சரி, நீயே எடு. நீதான கியூசி."

பிள்ளை பிறக்கும்வரை நான் ஒரு கையுறை ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். கையுறைக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. அதை வைத்துத்தான் அவர் கேலி செய்வார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்தேன்.

இப்படிப்பட்ட கால்சட்டையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று துணி: தரையில் தேய்ந்துகொண்டு போனால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எழுத்தால் தரம் போட்டிருப்பார்கள். இன்னொன்று முட்டியிலும் இடுப்பிலும் உள்ளே வைக்கிற கவசம். அதில் இரண்டு நிலை உண்டு. இரண்டாம் நிலை அடியை அதிகம் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் தடிமனாக இருக்கும். வலைத்துணியில் காற்று வரும், ஆனால் பெரும்பாலும் சீக்கிரம் தேயும். கெட்டித்துணி தாங்கும், ஆனால் நம் வெயிலில் ஆளை அவித்துவிடும். முட்டியின் உள்பக்கத் துணியில் பதனிட்ட தோல் ஒட்டியிருந்தால் இன்ஜின் சூடு தாக்காது. ஒவ்வொரு நாளும் ஒரு முடிவுக்கு வருவேன். மறுநாள் யாராவது எழுதியதைப் படித்துவிட்டு அதை மாற்றிக்கொள்வேன்.

கடைசியில் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்கார அண்ணன் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது மட்டும், "தங்கச்சி, மாப்பிள்ளைக்குப் பட்டு எடுக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்றார்.

தொடையில் கெட்டித்துணி, பின்பக்கம் வலை, முட்டிக்கு மேலே விசிறி மடிப்புபோல் சுருங்கி விரியும் துணி, இரண்டாம் நிலைக் கவசம். அதைத்தான் எடுத்தோம். கணவர் போட்டுக்கொண்டு வந்தார்.

"அந்த மோட்டார்ல ஏறி உக்காந்து பாருங்க தம்பி" என்று கடையில் நிறுத்தியிருந்த வண்டியைக் காட்டினார் கடைக்காரர்.

அந்த நேரம் பார்த்து மகள் தலைக்கவசங்கள் அடுக்கியிருந்த தட்டைப் பிடித்து இழுத்து, ஒன்று கீழே விழுந்து, சத்தத்தில் பயந்து அவள் அலற ஆரம்பித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவரும் சிலுவாரைக் கழற்றி, காசு கட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உட்கார்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் அவரை நிற்க வைத்தேன். நேராக நிற்கச் சொன்னேன். முட்டிக் கவசம் முட்டியில் இல்லை. இரண்டு அங்குலம் கீழே, கால் எலும்பின் மேல் கிடந்தது. முட்டிக்கு மேலே அந்த விசிறித் துணி சும்மா தொங்கியது.

"கவசம் கீழ இருக்குங்க."

"அது அப்படித்தான் இருக்கும் லா. விடு."

நான் விடவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அதை எடுத்துக்கொண்டு பாடாங் செராயில் எனக்கு ரவிக்கை தைக்கிற அக்காவிடம் போனேன். எங்கள் ஊரில் எந்தத் துணியும் கடையிலிருந்து வந்தபடியே உடம்புக்கு ஏறாது. பள்ளிச் சீருடையா, கல்யாணச் சட்டையா, முதலில் தையல்காரரிடம் போகும். பிடித்தோ இறக்கியோதான் போடுவோம். எனக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

அக்கா கால்சட்டையை மேசையில் விரித்தார். "கீழ ஜிப்பு இருக்கு, பட்டை இருக்கு, வெட்ட முடியாது. ஆனா இங்க பாரு, இவ்வளவு துணி வீணாச் சுருங்கிக் கெடக்கு. இதுல பிடிச்சா கவசம் மேல ஏறிடும். எவ்வளவு ஏத்தணும்?"

"ரெண்டு அங்குலம்."

அக்கா தையலில் கெட்டிக்காரர். வெளியே பார்த்தால் மடிப்பே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் முதல் தடவையாக அவரோடு போனோம். நான் எடுத்த பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு. கோலா கெத்தில் ஊரைத் தாண்டி ஒரு தோட்டம். கோயில் கொட்டகை அருகே காரை நிறுத்திப் பாய் விரித்தோம். அவர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறியதும், "கால மடக்கினா இழுக்குதே" என்றார்.

"புதுசுதான. பழகிடும்" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நண்பர்கள் சுற்றி நின்று, "என்ன அண்ணே, ரேஸுக்கா போறீங்க" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில், தையல்காரரிடம் கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கொட்டகைக்கு எதிரே ஒரு சரிவு, கீழே ஓடை. மழைநீர் ஓடி நடுவில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. இரண்டு பேர் நேரே இறங்கினார்கள். அவர் எப்போதும் சுற்றுப்பாதையில்தான் போவாராம், அவரே முன்பு சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சரிவின் மேலே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, தன் கால்சட்டையின் கவசத்தை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு இறங்கினார்.

வேகமெல்லாம் இல்லை. முன்சக்கரம் அந்தக் கோட்டில் மாட்டியது. மோட்டார் இடது பக்கம் சாய்ந்தது. அவர் இடது முட்டி ஒரு செம்பாறைக் கல்லின் மேல் போய் இறங்கியது. அந்தச் சத்தம் மேலேவரை கேட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "சிலுவார் கிழியவே இல்ல பாரு" என்றார் என்னைப் பார்த்ததும். கிழியவில்லை. கால் மடங்கிய நிலையில் கவசம் தொடையின் மேல் ஒரு மூடிபோல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, வெறும் துணிக்குள், முட்டி உப்பிக்கொண்டு வந்தது.

முட்டிச் சில்லில் விரிசல். கால் மடங்காதபடி கட்டுப் போட்டார்கள். வாரக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. மகள் அந்தக் கட்டின் மேல் தன் பொம்மைகளைப் படுக்க வைத்து விளையாடுவாள். பார்க்க வந்த அந்த நண்பன், "போலி சாமான் அண்ணே. கவசம் நிக்கவே இல்ல. அந்தக் கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றான். கணவரும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று போட்டுவிட்டார்.

எனக்கு அதற்கு மறுநாள் காலைதான் உண்மை தெரிந்தது. சேறு போகத் துவைத்துக் காயவைத்திருந்த கால்சட்டையை எடுத்து நானே மாட்டிக்கொண்டு, நாற்காலியில் மோட்டாரில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தேன். கவசம் வழுக்கிக்கொண்டு தொடைக்கு ஏறியது. அக்கா போட்ட தையலைப் பிளேடால் பிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். விசிறித் துணி விரிந்தது. கவசம் வந்து சரியாக என் முட்டியை மூடியது. நிற்கும்போது கீழே தொங்கியதெல்லாம் உட்காரும்போது மேலே வருவதற்குத்தான். அவ்வளவு படித்தேன், உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. ஆலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு கையுறையைக்கூட நான் அனுப்பியதில்லை.

அன்றே சொல்லவில்லை. வலியில் இருக்கிறார், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வேலைக்குத் திரும்பியதும் என்று நினைத்தேன். கால்சட்டையை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று அவர் கேட்டபோது, "இருக்கட்டும்" என்றேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அதே நண்பன் வந்தான். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் தே ஓ, பால் ஊற்றாத தேநீர், கலக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு மெர்போக் பக்கம் போறோம் அண்ணே. சும்மா லேசா. சரிவெல்லாம் இல்ல."

"வரேன் லா. காலு ஓகே இப்ப."

"எதப் போடுவீங்க?"

"ஜீன்ஸுதான். அந்தக் கருமத்தப் போட்டுத்தான் விழுந்தேன். அது இல்லாமயே அத்தன வருஷம் ஓட்டலயா?"

கோப்பைகளை அங்கேயே விட்டுவிட்டு அறைக்குப் போய்க் கால்சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

"கடைக்காரர் ஏமாத்தல. நான்தான் தையக்கார அக்காகிட்டக் குடுத்து ரெண்டு அங்குலம் தூக்கச் சொன்னேன். அதான் நழுவுச்சு. பிரிச்சுட்டேன். இப்ப சரியா நிக்குது."

நண்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஐயோ அண்ணி, கவசத்துக்கே ரவிக்கை மாதிரி பிடிப்புப் போட்டுட்டீங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவன், கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவர் எழுந்தார். அறைக்குள் போய் அதைப் போட்டுக்கொண்டு, வெளியே நிறுத்தியிருந்த மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். குனிந்து தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் கவசத்தை அசைத்தார். அது நகரவில்லை. நான் வாசலில் நின்றேன்.

"இழுக்குதுன்னு சொன்னேனே. அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க. வெட்கமா இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

நான் படியிறங்கி மோட்டார் பக்கம் போனேன்.

தையல் பிரித்த இடத்தில் வரிசையாக ஊசி ஓட்டைகள் இருப்பதை விரலால் தடவிக் காட்டினார். "இந்தத் துணி இனிமே தாங்காது" என்றார். இறங்கி வந்து போனை எடுத்துக் குழுவில் குரல் செய்தி போட்டார்: "கடைமேல தப்பு இல்ல. நாங்கதான் தச்சு மாத்திட்டோம்." "நாங்க" என்றுதான் சொன்னார். பிறகு நண்பனிடம், "நாளைக்கு நான் வரல" என்றார். என்னிடம், "புதுசு வர்றவரைக்கும் ஓட்டல. ஆனா நீதான் எடுக்கணும். நான் போனா ஜீன்ஸுதான் எடுப்பேன்" என்றார்.

நான்கு வாரமாகிறது. இரண்டு வகையில் வந்து நிற்கிறேன். ஒன்று, முன்பு எடுத்ததைப் போலவே கவசம் உள்ளே வைத்த கால்சட்டை. இன்னொன்று, மெல்லிய மண்பாதைக் கால்சட்டைக்குள்ளே முட்டியில் பட்டையால் இறுக்கிக் கட்டுகிற தனிக் கவசம். அது நகராது என்கிறார்கள். ஆனால் மெல்லிய துணி தார்ச்சாலையில் தாங்காது என்றும் சொல்கிறார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேரவே அரை மணி நேரம் தார்ச்சாலையில்தான் போக வேண்டும். விரிசல் ஆறிய முட்டியை நாள் முழுக்கப் பட்டையால் இறுக்கலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் கேட்டதற்கு, மோட்டாரையே விற்றுவிடச் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களில் மண்பாதையில் ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள், ஓட்டுகிறவர்களின் வீட்டார் இருப்பீர்கள். எங்கள் வெயிலில், எங்கள் சேற்றில், ஒரு முறை அடிபட்ட முட்டிக்கு இந்த இரண்டில் எது? நீங்களே போட்டு விழுந்து எழுந்திருந்தால், கவசம் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தடவை கடையில் அவர் மோட்டாரில் உட்காரும்போது நான் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். இந்த வாரமும் அவர் எதுவும் கேட்காமல் மோட்டாரைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். ரொம்ப நாள் அப்படிக் காத்திருக்க மாட்டார்.