இருட்டுக்குக் கைதட்டிய அறை

மேசையின் நடுவில், வெள்ளைத் துணி ஒன்றின்மேல், விரல் நீளப் பழுப்புக் குப்பி வேர்த்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் தொடக் கூடாது. தொடாமல் இருப்பதற்காகவே நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போவோம். எங்கள் மேடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தக் குப்பிதான் கண்ணில் நிற்கிறது.

நான் கொல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி கழுவும் வேலை செய்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். இன்றும் பெஹாலாவிலிருந்து பஸ் மாறி வருகிறேன். யாருடனும் சட்டென்று பேச வராது எனக்கு. கூடத்தின் தலைவரான மேடம், இதே ஊரில் டாலிகஞ்சில் பிறந்த தமிழர். மாணவர்களிடம் வங்காளம் பேசுவார், என்னிடம் தமிழ். நான் வராந்தா ஓரத்தில் தனியாக டிபன் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "நம்ம லேப்லயே நல்ல கோட்டிங் உனக்குத்தாம்மா. ஒருத்தரும் ஒட்ட முடியல" என்றார். என்ன சொன்னார் என்று மாணவர்கள் அவரை நச்சரித்துக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, குனிந்துகொண்டேன்.

அந்தக் கேலி புரிய எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைக் காட்டும் புரதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு மூலக்கூறாகக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றி, மெல்லிய கண்ணாடியில் பிடித்து, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பார்கள். ஆனால் வெறும் கண்ணாடியில் கண்டதெல்லாம் ஒட்டும். திரை முழுக்கத் துர்கா பூஜைப் பந்தல்போல ஜொலிக்கும். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன் முதல்முறை அதைப் பார்த்து மகிழ்ந்துபோனான். "பந்தல்ல ஒரு மின்மினியைத் தேடச் சொல்றியாப்பா? எனக்கு இருட்டு வேணும்" என்றார் மேடம்.

அந்த இருட்டுக்காகத்தான் கோட்டிங் என்கிற பூச்சு. கண்ணுக்குத் தெரியாத பாலிமர் இழைகள் புல்போல நெருங்கி நின்று, எதையும் கண்ணாடியில் ஒட்டவிடாமல் தடுக்கும். அங்கங்கே சில இழைகளின் நுனியில் மட்டும் ஒரு கொக்கி. எங்களுக்கு வேண்டிய புரதம் அதில் மாட்டிக்கொள்ளும்.

அந்த மழைக்காலத்தில் பூச்சு சரியாகவே அமையவில்லை. இருட்டறையை வேறொரு பிரிவு கேட்டுக்கொண்டிருந்தது. பூஜை விடுமுறைக்குள் ஒற்றை மூலக்கூறைக் காட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அறை போனால் மேடத்தின் பல வருட வேலை நடுவழியில் நிற்கும், மாணவனின் பட்டமும்தான். பயம் கூடக்கூட எங்கள் வேகமும் கூடியது. கீழ்த்தளத்து உறைபெட்டியிலிருந்து பூச்சுப் பொடியை நான் ஓட்டமாகக் கொண்டுவருவேன். வாங்கிய கையோடு மாணவன் திறந்து கரைப்பான். திரை ஜொலிக்கும். கழுவும் முறையை மாற்றிப் பார்த்தோம், தண்ணீரை மாற்றிப் பார்த்தோம். புதுக் குப்பி வந்தால் சில நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். "என் ராசியிலதான் ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு, தீதி" என்றான் மாணவன். அவனுக்கு நான் அக்கா.

ஒரு மத்தியானம் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்த குப்பியை மேடமே வாங்கினார். மூடியைத் திருகப் போனவர் நின்றார். உள்ளங்கை நனைந்திருந்தது. புடவைத் தலைப்பால் குப்பியைத் துடைத்தார். மறுபடி வேர்த்தது.

"வெளியில இப்படி வேர்க்குதே. திறந்தா உள்ளேயும்தானே வேர்க்கும்" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதுதான் விஷயம். குளிர்ந்த பொடியைத் திறந்ததும் கொல்கத்தாக் காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ஈரம் பட்டால் கண்ணாடியைப் பிடிக்கும் முனை செத்துப்போகும். இழை நிற்காத இடம் வழுக்கை, சாயம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அறைச் சூட்டுக்கு வரும்வரை குப்பியைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் பதறிக்கொண்டிருப்பவர்களால் சும்மா இருக்க முடியுமா?

புதுக் குப்பி வந்த அன்று அதைத் துணிமேல் வைத்துவிட்டு மேடம் அறிவித்தார். "எல்லாரும் டீக்கு. குப்பிக்குத் துணையா ஒருத்தரும் உட்கார வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னையும்தான் சொல்றேன். அந்தக் கோட்டிங்கைக் கழட்டி வெச்சிட்டு வா."

அதுவே வழக்கமாயிற்று. வாசல் கடையில் மண் குவளையோடு நிற்போம். இலிஷ் மீனா இறாலா, எது உசத்தி என்று மாணவர்கள் சண்டை போடுவார்கள். இரண்டையும் தொடாத மேடம்தான் நடுவர். ஒருநாள் என்னையறியாமல் "இறால்" என்றுவிட்டேன். "தீதி வாயைத் திறந்துட்டாங்க, கேஸ் முடிஞ்சது" என்று இறால் கட்சி என்னைச் சூழ்ந்துகொண்டது. பிறகு அந்தக் கட்சியிலிருந்து என்னை யாரும் விடவில்லை.

மேலிடத்துக் குழு பூஜைக்குச் சற்று முன்னால் வந்தது. மேடம் முதலில் புரதம் சேர்க்காத கண்ணாடியை வைத்தார். திரையில் ஒரே இருட்டு. அடுத்த கண்ணாடியில் புரதம் இருந்தது. அதே இருட்டில் அங்கங்கே மின்மினிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரே மூலக்கூறுதான்னு எப்படி நம்பறது?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, அதுவே சொல்லும்" என்றார் மேடம்.

ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் களைத்து அணைந்துவிடும். பல சேர்ந்திருந்தால் படிப்படியாக மங்கும். ஒன்றே ஒன்று என்றால் மங்காது, பட்டென்று போகும். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு புள்ளி பட்டென்று அணைந்தது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவது போனதும் மாணவன், "லோட்ஷெடிங்!" என்று, கரண்ட் போனதுபோலக் கத்திவிட்டான். குழுத் தலைவர் சிரித்தார், பிறகு கைதட்டினார். விளக்கு அணைந்ததற்கு ஓர் அறையே கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன். மேடம் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். அவர் கையும் ஈரமாக இருந்தது.

அறை எங்களிடமே நின்றது. மாணவன் பட்டம் வாங்கி வேறு ஊரில் பேராசிரியராகிவிட்டான். அங்கேயும் குப்பிக்கு டீ வழக்கம் உண்டாம். ஓய்வுபெற்ற மேடம் டாலிகஞ்சிலிருந்து ஃபோன் செய்தால், "இலிஷா, இறாலா? யார் ஜெயிச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

இன்று காலையும் நல்ல மழை. குப்பியைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தேன். புதிதாக வந்த பெண் அவசரமாகக் கையை நீட்டினாள். "எல்லாரும் டீக்கு!" என்றேன். என் குரல் வராந்தாவின் கடைசிவரை போனது. அறைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். பின்னால், யாரும் தொடாத மேசையில், குப்பி நிதானமாக வேர்த்துக்கொண்டிருந்தது.