சம்பந்தி குடித்த காவா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை என் தங்கை சொல்வாள், என் கணவர் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். பஸ் பிந்தி வந்தால் டிரைவரோடு சண்டை, மீன் பழசாக இருந்தால் கடைக்காரரோடு சண்டை, பஸ்ஸும் மீனும் ஒழுங்காக இருந்துவிட்டால் கணவரோடு சண்டை. தொண்ணூறுகளின் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஓர் அப்பார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். நான், கணவர், தங்கை, அம்மாவின் தங்கையான சின்னம்மா. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். ஆகவே தங்கைக்கு இங்கே தாயும் நான்தான், தகப்பனும் நான்தான்.

தங்கை தன்னோடு கல்லூரியில் படித்த ஒருவனை விரும்பினாள். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? சிக்கல் அவனுடைய தகப்பன். முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோதே அவர் ஆரம்பித்தார்.

"பிள்ளை, நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அது தெரியும். ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கும். சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் கோயிலையும் குளத்தையும் சந்தியையும் கேட்பார்கள். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "சூரியன் உதிக்கிற பக்கம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். தங்கை அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

எப்படியோ பையன் தகப்பனைச் சமாதானப்படுத்தி, ஒரு ஞாயிறு பின்னேரம் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு செய்தான். அவனுக்கு அன்று வேலை. தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தாள் திரும்பவும் கேக்கும். அண்டைக்கு மட்டும் நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. உங்கட ஒரு சொல்லில என்ர அலுவல் குழம்பிப் போயிடும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சத்தியம் செய்து கொடுத்தேன். கொடுத்த கையோடு எனக்குப் பயம் பிடித்துவிட்டது, ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி போடுகிற வேலையில் இருந்தேன். லைனில் என் பக்கத்தில் நின்றவள் பிஜித் தீவிலிருந்து வந்த ஒரு பெண். அவளுடைய பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களாம். தமிழ் போய்விட்டது. கறிவேப்பிலை மட்டும் மிஞ்சியிருந்தது. என் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அடுத்த நாள் ஒரு பொட்டலத்தில் சாம்பல் நிறமான தூள் கொண்டுவந்து தந்தாள். காவா. மிளகுக் கொடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். அவர்களுடைய தீவில் சாவு வீட்டிலும் கலியாண வீட்டிலும் சண்டை தீர்க்கிற இடத்திலும் ஆட்கள் வட்டமாக இருந்து சிரட்டையில் வாங்கிக் குடிப்பார்களாம். மனம் அடங்கிவிடும், புத்தி தெளிவாக இருக்கும் என்றாள். அந்த நாட்களில் இங்கே கடைகளில் இதையே குளிசையாக அடைத்து, மன இறுக்கத்துக்கு நல்லதென்று விற்றார்கள்.

தந்தவள் கூடவே ஒரு நீண்ட எச்சரிக்கையும் தந்தாள். துணியில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து எடுக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. உதடும் நாக்கும் கொஞ்ச நேரம் விறைக்கும், பயப்படத் தேவையில்லை. குடித்துவிட்டுக் கார் ஓடக் கூடாது. மதுவோடு சேர்க்கவே கூடாது. நித்திரைக் குளிசை எடுப்பவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டவும் போகக் கூடாது. "வேர்தானே என்று நினைக்காதே" என்று அவளுடைய ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னாள்.

இதையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் ஒப்பித்தேன். சின்னம்மா முகத்தைச் சுளித்தாள்.

"பச்சைத் தண்ணியில ஆரும் மருந்து குடிப்பினமோ? வயித்தால போகும்."

எங்கள் வீடுகளில் வேர் என்று ஒன்று அகப்பட்டால் அதை அவித்துக் குடிநீர் ஆக்காமல் விடமாட்டோம். மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, எது கிடைத்தாலும் பானையில் போட்டு, எட்டில் ஒன்றாக வற்றும்வரை காய்ச்சினால்தான் அது மருந்து. அது போதாதென்று, காய்ச்சியதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வருத்தம் உள்ளவருக்கு மட்டும் கொடுப்பது கஞ்சத்தனம்.

ஞாயிறு பின்னேரம் நான் சேலை கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனபோது அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தது. முழுப் பொட்டலமும் பானைக்குள். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு, பனங்கற்கண்டும் போட்டிருந்தாள். வேரில் மாப்பிடிப்பு இருந்ததாலோ என்னவோ, கூழ் மாதிரித் தடித்திருந்தது.

"சின்னம்மா, உதை அவிச்சுப் போட்டியளோ?"

"ஒண்டும் செய்யாது. குடி."

கதவு மணி அடித்தது. சண்டை பிடிக்க நேரமில்லை. அரை டம்ளரை மூச்சுப் பிடித்துக் குடித்தேன். மழைக்கால மண்ணைக் கரைத்துக் குடித்தது போல் இருந்தது.

வந்தவர் நெடிய ஆள், மிடுக்கான நடை. மனைவி அவருக்குப் பின்னால், அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தா. மனிதருக்குத் தடிமன் பிடித்துச் சளி. இருமிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆண்களின் வழக்கப்படி என் கணவர் அவரைப் பல்கனிக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது இரண்டு பேரிடமும் விஸ்கி மணந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"அப்ப பிள்ளை, அண்டைக்குப் போனில கேட்டனான். ஊரில எந்தப் பக்கம்?"

தங்கை என்னைப் பார்த்தாள். என் பல்லுக்கு நடுவில் ஒரு பதில் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "தேத்தண்ணி கொண்டு வாறன் அங்கிள்" என்று சமையலறைக்கு ஓடினேன். கேத்திலின் முன்னால் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். என் உதடு மெல்ல விறைத்துக்கொண்டு வந்தது. காவா வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தேநீரோடு நான் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். கண்கள் சொருகியிருந்தன. "பிள்ளையள் விரும்பினாச் சரிதானே" என்றார், நம்ப முடியாத மெல்லிய குரலில். தங்கையின் முகத்தில் விளக்கு ஏற்றினது போல் இருந்தது. எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் அவருக்கு முன்னால் இருந்த பெரிய எவர்சில்வர் டம்ளரைக் கண்டேன். அடியில் சாம்பல் நிற மண்டி.

"தொண்டைக்கு நல்லதெண்டு பல்கனிக்கே கொண்டுபோய்க் குடுத்தனான்" என்றாள் சின்னம்மா பெருமையோடு. "ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவர்."

அவர் திடீரென்று எழுந்தார். சோபாவின் கையைப் பிடித்து ஒரு கணம் நின்று, சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

"வெளிக்கிடுவம்" என்றார் மனைவியிடம்.

"இப்பதானே வந்தனாங்கள்?"

"வெளிக்கிடு எண்டுறன்."

அவர்கள் மிசிசாகாவுக்குப் போக வேண்டும். 401 நெடுஞ்சாலை முழுவதும் அவர்தான் ஓட வேண்டும், அந்த அன்ரிக்குக் கார் ஓடத் தெரியாது. என் கணவரும் குடித்திருந்தார். நான் பேசாமல் இருந்தால் கலியாணம் நிச்சயம். வாயைத் திறந்தால், பெண் பார்க்க வந்தவருக்கு ஏதோ மருந்து கொடுத்து மயக்கிச் சம்மதம் வாங்கின குடும்பம் என்று ஊரெல்லாம் கதை போகும். தங்கையின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. 

போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"அங்கிள், நீங்கள் கார் ஓடக் கூடாது."

"விலகு பிள்ளை."

"விலக மாட்டன். திறப்பைத் தாங்கோ. நீங்கள் குடிச்சது மல்லித் தண்ணி இல்லை. அது காவா எண்டு ஒரு வேர். நான் கோவக்காரி, எனக்கெண்டு வாங்கினது. விஸ்கியோட அது கூடாது. உங்களுக்கு இப்ப உதடு விறைக்குதெல்லோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் முடிந்தேன் என்று நினைத்தேன். கையை மெல்லத் தூக்கி உதட்டைத் தொட்டார்.

"அந்த வேராலதான் இது விறைக்குதோ?"

"ஓம் அங்கிள். எனக்கும் விறைக்குது."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "நான் பாரிசவாதம் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அவருடைய தகப்பனுக்குப் பக்கவாதம் இப்படித்தான் உதட்டில் ஆரம்பித்ததாம். மனைவியைப் பயப்படுத்தக் கூடாதென்று, தானே காரை ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எழுந்தாராம். நாங்கள் சம்மதம் என்று நினைத்தது அவருடைய மரண பயம். அன்ரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டா. அழுகிறா என்று நினைத்தேன். சிரித்தா.

பிளாசாவில் இருந்த மருந்துக்கடைக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்று பார்மசிஸ்ட் கேட்டார். அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, படுக்கும்போது நித்திரைக் குளிசை ஒன்று எடுப்பதாகச் சொன்னார். அது அன்ரிக்கே புதுச் செய்தி. இன்றைக்கு அது வேண்டவே வேண்டாம், இனி ஒரு சொட்டு மதுவும் வேண்டாம், தனியே விடாதீர்கள், எழுப்பினால் எழும்பாவிட்டாலோ மூச்சு மாறினாலோ உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார் பார்மசிஸ்ட். அவித்ததால் அதன் வீரியம் கூடியதா குறைந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சில வருடங்களில், ஈரலுக்குக் கேடு செய்யலாம் என்ற பேச்சு எழுந்து, இங்கே கடைகளிலிருந்து காவாவை எடுத்துவிட்டார்கள். பழைய முறையில் தண்ணீரில் பிசைந்து அளவாகக் குடிப்பது வேறு, குளிசை வேறு என்று பிஜிக்காரி வாதாடினாள். யார் சரியோ, எங்கள் வீட்டு முறை பிழை என்பதில் இரண்டு பக்கத்தாருக்கும் சந்தேகமில்லை.

அங்கிள் எங்கள் சோபாவில் என் போர்வையைப் போர்த்துக்கொண்டு குறட்டை விட்டார். அன்ரி அடிக்கடி போய் அவர் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, சமையலறையில் தங்கையோடு தோசை சுட்டா. வேலை முடிந்து பஸ்ஸில் வந்த பையன் கதவைத் திறந்ததும், தன் மிடுக்கான தகப்பன் பெண் வீட்டுச் சோபாவில் வாயைத் திறந்து நித்திரை கொள்வதைக் கண்டு அப்படியே நின்றான்.

புறப்படும்போது அங்கிள் திறப்பை மகனிடம் கொடுத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நீ பேசாமல் இருந்திருந்தா உன்ர அலுவல் முடிஞ்சிருக்கும். பிறகேன் மறிச்சனீ?"

"நீங்கள் செத்துப்போனாக் கலியாணம் ஒரு வருசம் தள்ளிப்போகும் அங்கிள்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் சிரித்தவ அன்ரி. பிறகு அவரும் சிரித்தார். அவருக்கு இன்னும் உதடு சரிவரவில்லை, ஒரு பக்கமாகத்தான் சிரிப்பு வந்தது. அவர்கள் லிப்ட்டில் இறங்கிய பிறகு தங்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். மிச்சக் குடிநீரைச் சின்னம்மா யாருக்கும் தெரியாமல் சிங்கில் ஊற்றினாள்.

கலியாண மண்டபத்தில் நான் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றேன். எனக்கு முதுகு காட்டி நின்ற ஒரு பெரியவர், அங்கிளின் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டது என் காதில் விழுந்தது.

"பொம்பிளை வீட்டுக்காரர் என்ன ஆக்கள்?"

என் கை பன்னீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்தது. அங்கிள் திரும்பி என்னைக் கண்டார். குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"என்னைக் கார் ஓட விடாத ஆக்கள்."

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அவருக்கும் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்பினேன்.