பானட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

இன்று ஆயுத பூஜை. காருக்கு அம்மா பொட்டு வைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமாதிரி பார்த்தார். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில், எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில், அப்பா இறந்த வருடத்து ஆயுத பூஜை. அவருடைய பழைய ஜீப்புக்குச் சித்திதான் பொட்டு வைத்தாள். அம்மா கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் விட்டுவிட்டு இருமியது.

"அண்ணனோட இதுவும் போச்சுங்க அண்ணி. வித்துப்போடலாம்" என்றார் சித்தப்பா.



பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவே இல்லை. அதில் ஏற்கெனவே கரண்ட் வரவில்லை, கோளாறு அதில்தான். அந்த வயர் போய்ச் சேரும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. கரண்ட் அந்த ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

அப்பா தினமும் துடைக்கிற மூடி அது.

நிமிர்ந்தேன். அம்மா விரல்நுனி சிவந்த வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் தெரியுதா கண்ணு?" என்றார் சித்தப்பா.

"ஈரம் எறங்கிருக்குதுங்க சித்தப்பா, அவ்வளவுதான்."

துடைத்துக் காயவைத்தேன். எஞ்சின் சீராக ஓடியது. குங்குமச் சிமிழை அம்மாவிடம் நீட்டினேன்.

"ஸ்டீயரிங்குக்கு நீ வையும்மா."

சித்தி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அம்மா வைத்தாள். அதற்குப் பிறகுதான் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன்.

அன்றிலிருந்து எங்கள் வண்டிகளுக்கு அம்மாதான் பொட்டு வைக்கிறாள், எல்லோரும் பார்க்க, பானட்டுக்கு வெளியே. வண்டிக்கும் அதுதான் நல்லது.

உங்கள் வீட்டில் இன்று கதவோரம் நின்றது யார்?