எதிர்த்துப் பேச ஓர் ஆள்

இரணியல் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கிறோம். பெஞ்சில் என்னோடு இருக்கும் யூத இளைஞன் தினமும் தங்கள் வேதமான தோராவின் விதிகளை ஒரு துணையோடு வாதாடிப் படிப்பவன். ஒரு நாளும் விட்டதில்லையாம். இன்று அந்தத் துணை, ஊரிலிருக்கும் நண்பன், போனில் கிடைக்கவில்லை. வாதாட ஆள் தேடி, புத்தகத்தோடு டீ விற்கும் ஸ்டெல்லா அக்காவிடம் போகிறான். குவைத்தில் வேலை பார்த்த அக்காவுக்கு ஆங்கிலம் வரும்.

“ஒரு பொருள் தொலைந்ததே உடையவனுக்குத் தெரியாது. கண்டெடுத்தவன் வைத்துக்கொள்ளலாம்தானே?”

“சரிதான் மக்கா.”

அக்கா மரியாதைக்குத் தலையாட்ட, அவன் முகம் வாடுகிறது.

“அக்கா, அவனுக்குச் சண்டை வேணும்” என்கிறேன்.

“அத மொதல்ல சொல்லப்பிடாதா?” கெட்டிலை இறக்கி வைக்கிறார். “ஏலே, தொலைச்சவன் இன்னும் தேடவே இல்ல. அதுக்குள்ள எப்பிடி ஒனக்குள்ளது ஆவும்? களவாணிப் பேச்சு!”

அவன் சிரித்தபடி மறுக்கிறான். அக்கா விடுவதாக இல்லை. வண்டி வந்து நிற்கிறது. அடுத்ததில் வருவதாக எனக்குக் கையாட்டிவிட்டு, அவன் பக்கத்தைப் புரட்டுகிறான்.