சப்பாத்தைக் கழற்றிய நடுவர்

தொண்ணூறுகளில் ஒரு பனிக்காலம். வெம்பிளியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்து முன்னறை முழுவதும் நனைந்தது. கம்பளம் காய்ந்தால் போதும் என்றார் காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர். அடியில் உள்ள பலகைகளையே மாற்ற வேண்டும் என்றார் என் பக்கத்துக்கு நான் அமர்த்திய மதிப்பீட்டாளர். இருவரும் ஒத்துவராததால், பொதுவாக ஒரு நடுவர் வந்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

"வீட்டுக்கு ஆள் வரேக்கை இப்பிடியே கிடக்கிறது? வெக்கமெல்லே!" என்றாள் மனைவி.

"ஓம்" என்று நான் சுவரின் ஈரக்கறைக்கு வெள்ளையடித்தேன். பூஞ்சண மணம் போக ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

நடுவர் ஒல்லியான, நெட்டை வெள்ளைக்காரர். வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டதும் தானும் சப்பாத்தைக் கழற்றினார். முன்பு வந்த இருவரும் சப்பாத்தோடுதான் நடந்தார்கள். நான் பதறிப்போய் வீட்டுச் செருப்பை நீட்டினேன். அவர் மறுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி அறையை மெதுவாகச் சுற்றி வந்தார்.

"சேதம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறது, சேர்" என்று என் வாய் உபசாரமாகச் சொல்லிவிட்டது.

அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். காலுறை தோய்ந்திருந்தது.

"என் கால் அப்படிச் சொல்லவில்லையே."

பலகைகளை மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றியது மரியாதைக்கா, தொழிலுக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த வழக்கில் என்னைத் தோற்கடிக்க முழுமூச்சாக உழைத்தவன் நான் ஒருவன்தான் என்பது மட்டும் தெரியும்.