மெம்ஸா, சிப்பா

எம்.டெக். கடைசி வருஷம் நானும் என் தோழியும் சேர்ந்து செய்த புராஜெக்ட், சிலிக்கானில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பலகை. ஒரு முனை பிடிமானத்தில் இருக்கும், மறுமுனை அந்தரத்தில். அதிர்வு பட்டால் வளையும். அந்த வளைவை மின்சாரத்தில் அளக்கலாம். சிலிக்கானில் இப்படி அசையும் உறுப்புகளைச் செய்யும் துறைக்கு மெம்ஸ் என்று பெயர். நாங்கள் கணினியில் வரைந்ததை வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று செய்து அனுப்பப் பல மாதம் ஆயிற்று.

பார்சலைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அநேகமாக எல்லாப் பலகைகளும் உடைந்து கிடந்தன. ஒன்று பிழைத்திருந்தது. அதற்கு இணைப்பு கொடுத்துவிட்டு அவள் மேஜையை விரலால் தட்டினாள். பக்கத்துத் திரையில் கோடு துள்ளியது.

"இன்னொரு வாட்டி தட்டுடி" என்றேன்.

கேன்டீன் மூடும்வரை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தோம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; அவள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் மெம்ஸ் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தவள் என்னையும் விண்ணப்பிக்க வைத்தாள். இருவருக்கும் இடம் கிடைத்தது. அதே வாரம் பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு வேலையும் வந்தது. ஒரு வாடிக்கையாளர் கேட்கும் காரியத்துக்கென்றே தனியாகச் சிப் வடிவமைக்கும் வேலை. அதுவும் எனக்கு நன்றாக வரும்.

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனி அப்போது மூடியிருந்தது. தம்பி காலேஜில் சேர்ந்த புதிது.

"பிரான்சுக்குப் போறதுன்னா போம்மா. நாங்க பாத்துக்குறோம்" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "அத படிச்சிட்டு வந்தா இங்க வேல இருக்கா?" என்று கேட்டார். வேலை போன மனிதர் கேட்கும் கேள்வி அது.

"இப்போதைக்கு இல்லப்பா."

போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், போயும் இருப்பேன்.

பெங்களூர் வேலைக்கே போகிறேன் என்று தோழியிடம் கடற்கரைச் சாலையில் வைத்துச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும்னு ரூம் பாத்துட்டேன்டி" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, "சிப்புலயும் நீ நல்லாதான் பண்ணுவ" என்றாள்.

"பண்ணுவேன். அதுல என்ன இருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெங்களூரில் என் முதல் சிப் தயாராகி வந்த அன்றே பிழையில்லாமல் வேலை செய்தது. கேக் வெட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது நகம் அளவுக்கு மூடிய கறுப்புச் சதுரம். உள்ளே எதுவும் அசையாது.

சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவர் புது போன் வாங்கி வந்தார். போனைச் சாய்த்தால் திரையும் கூடவே திரும்பியது. எல்லோரும் மென்பொருளைப் புகழ்ந்தார்கள். உள்ளே ஒரு துளி சிலிக்கான் அசைகிறது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனை அவரிடம் திருப்பித் தராமல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பிரான்சில் இருந்த தோழிக்குப் போன் போட்டேன். "துறைய மாத்திக்கலாமான்னு பாக்குறேன்டி."

"வாயேன். எங்க லேப்ல இப்பகூட ஆள் தேடுறாங்க."

வருகிறேன் என்றுதான் சொன்னேன். அப்போது அடுத்த சிப்பின் வேலை தொடங்கியிருந்தது. அது முடிந்ததும் இன்னொன்று வந்தது.